42 நாள் காயணும்

காங்கேயத்தில் பிறந்தவர்களுக்குக் கொப்பரை வாசம் தனியாகத் தெரியாது. வெளியூர் போய்த் திரும்பி வரும்போது, ஊருக்குள் பஸ் நுழையும் நேரத்தில்தான் அது மூக்கில் ஏறும். ரோட்டோரக் களங்களில் கொப்பரை காய்ந்துகொண்டிருக்கும். எங்கள் அப்பாவும் களத்தில் கொப்பரை வாங்கி விற்றவர்தான். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2020 ஊரடங்கில் முதலில் பாதிச் சம்பளம் ஆனது, அப்புறம் அதுவும் நின்றது. கையில் இருந்தது எண்ணெயும் நேரமும்தான். சோப்பு செய்யலாம் என்ற எண்ணம் அப்படி வந்தது.

இப்போது மாதம் இருநூறு, இருநூற்றைம்பது சோப்பு போகிறது. பெரிய தொழில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுச் செலவில் ஒரு பங்கை அது தாங்குகிறது. "நானும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேங்க, எப்படிச் செய்யறது?" என்று கேட்டு வாரம் ஒருவராவது போன் செய்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது என்ன எண்ணெய், எங்கே மோல்டு வாங்குவது என்பதைத்தான். எத்தனை நாள் காயவிடணும் என்று கேட்பவர் குறைவு. என் நஷ்டத்தில் பெரும்பாலானது அந்த நாள் கணக்கில்தான் வந்தது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் காஸ்டிக் சோடா. "காஸ்டிக் போடாம செய்யறீங்களா?" என்று கேட்பவர்கள் நிறைய. போடாமல் சோப்பே கிடையாது. எண்ணெயும் காஸ்டிக் என்கிற காரமும் சேர்ந்து, இரண்டும் தன் குணத்தை விட்டு வேறொன்றாக மாறுவதற்குப் பெயர்தான் சோப்பு. கூடவே கிளிசரினும் உண்டாகும். பெரிய ஆலைகள் அந்தக் கிளிசரினைத் தனியாகப் பிரித்து விற்பதுண்டு. நாம் கையால் செய்வதில் அது சோப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மாதிரிதான் இதுவும். கூடினால் வாய் வெந்துவிடும், வைக்காவிட்டால் தாம்பூலமே இல்லை. அளவு சரியாக இருந்தால் காய்ந்த சோப்பில் காஸ்டிக் மிச்சம் இருக்காது.

கடையில் சோப் பேஸ் என்று கட்டியாக விற்கிறார்களே, அதை உருக்கி மோல்டில் ஊற்றி விற்பவர்களும் உண்டு. அது தப்பில்லை. காஸ்டிக்கைத் தொடப் பயப்படுபவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அதை விற்கும்போது "எண்ணெயிலிருந்து நானே செய்தது, காஸ்டிக்கே இல்லை" என்று சொல்லக் கூடாது. அந்தக் கட்டியைச் செய்த இடத்தில் யாரோ ஒருவர் காரத்தைக் கையாண்டிருக்கிறார்.

காஸ்டிக்கைக் கையாளுவதில் சில விஷயங்களில் சமரசமே கூடாது. தண்ணீரை முதலில் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, அதில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கலந்ததும் அடுப்பே இல்லாமல் 80 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். முதல் ஓரிரு நிமிடம் தொண்டையைப் பிடிக்கும் நெடி வரும், அதனால் நான் வெளித்திண்ணையில் காற்றுக்கு முதுகு கொடுத்து நின்றுதான் கலக்குகிறேன். கண்ணுக்குக் கண்ணாடி, முழங்கை வரை கையுறை, காலில் செருப்பு. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். நம் வீடுகளில் பெரிய பாத்திரம் என்றாலே அலுமினியக் குண்டாதான், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். எவர்சில்வர் போதும். இல்லாவிட்டால் அடியில் 5 என்று எண் போட்ட கெட்டியான பிளாஸ்டிக் வாளி.

இன்னொன்று. காஸ்டிக் கலந்து ஆறிய தண்ணீர் பார்க்கக் குடிதண்ணீர் மாதிரியே தெளிந்திருக்கும். அதைச் சொம்பிலோ தம்ளரிலோ ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு சிவப்பு வாளி இருக்கிறது. அந்த வாளியை வேறு எதற்கும் எடுப்பதில்லை. கையில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். எலுமிச்சம்பழமோ வினிகரோ தேய்க்கப் போகக் கூடாது. கண்ணில் பட்டால் நன்றாகக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அடுத்தது அளவு. ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேண்டிய காஸ்டிக் வேறு வேறு. 100 கிராம் தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக மாற 18.3 கிராம் காஸ்டிக் வேண்டும். ஆலிவ் எண்ணெய்க்கு 13.5 கிராம், விளக்கெண்ணெய்க்கு 12.8 கிராம், கடலை எண்ணெய்க்கு 13.6 கிராம். தேங்காய் எண்ணெய் கட்டியும் நுரையும் தரும், ஆனால் அது மட்டுமே போட்டால் தோல் வறண்டுவிடும். ஆலிவ் மென்மைக்கு. விளக்கெண்ணெய் கொஞ்சம் சேர்த்தால் நுரை நின்று நிதானமாக இருக்கும். நான் இன்றும் செய்யும் அடிப்படைக் கலவை இதுதான்: தேங்காய் எண்ணெய் 500 கிராம், ஆலிவ் 400, விளக்கெண்ணெய் 100. இதற்குக் கணக்குப்படி 158 கிராம் காஸ்டிக் வேண்டும். அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்து 150 கிராம்தான் போடுகிறேன். அந்த ஐந்து பங்கு எண்ணெய், சோப்பாக மாறாமல் எண்ணெயாகவே தங்கும். தோலுக்கு அது நல்லது, கணக்கில் சின்னப் பிசகு வந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். தண்ணீர் 300 கிராம். எல்லாமே எடைதான், மில்லி அளவோ கப் அளவோ கிடையாது. காய்கறிக் கடைத் தராசு உதவாது. ஒரு கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். மோல்டுக்குச் செலவு செய்வதற்கு முன் அதை வாங்குங்கள்.

எண்ணெயும் காரத் தண்ணீரும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஊற்றிக் கலக்க வேண்டும். தொட்டுப் பார்க்காமல் வெப்பமானியால் பாருங்கள், 40 டிகிரி போதும். ஹேண்ட் பிளெண்டரில் விட்டு விட்டு அடித்தால் ஐந்து நிமிடத்துக்குள் தோசை மாவு பதத்துக்கு வரும். கரண்டியால் எடுத்து மேலே ஊற்றினால் கோடு விழுந்து ஒரு கணம் நிற்கும். இதை டிரேஸ் என்பார்கள். அதுதான் மோல்டில் ஊற்றும் பதம். அடுத்த நாள் எடுத்துத் துண்டு போடலாம்.

இப்போது ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். 2021-இல் ஒரு நாள், எண்ணெயை எடை போடும்போது தேங்காய் எண்ணெய் 200 கிராம்தான் இருந்தது. மீதி 300 கிராமுக்கு வீட்டில் இருந்த செக்குக் கடலை எண்ணெயை ஊற்றினேன். எண்ணெய் மொத்தம் ஒரு கிலோ வந்துவிட்டது அல்லவா, அதனால் காஸ்டிக் வழக்கம்போல 150 கிராம். கணக்கு எழுதியே பிழைத்த எனக்கு, எண்ணெய் மாறினால் காஸ்டிக்கும் மாறும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. அந்தக் கலவைக்கு முழுசாகவே 144 கிராம்தான் தேவை. நான் போட்டிருக்க வேண்டியது 137. எண்ணெய் எல்லாம் தீர்ந்து 6 கிராம் காஸ்டிக் சோப்பிலேயே நின்றுவிட்டது.

பார்க்க அழகான சோப்பு. நல்ல வெள்ளை, நல்ல கட்டி. அதில் ஒன்றை அத்தையிடம் கொடுத்தேன். என் மாமியார், எழுபது வயசு. மூன்று நாள் கழித்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அவர் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் சிவந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே தோல் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்து, மெல்லிய கோடு கோடாக வெடித்திருந்தது. என்ன அத்தை இது என்று கையைப் பிடித்தேன். "ஒண்ணுமில்ல அம்மிணி, கொஞ்சம் சுருசுருங்குது. ஆசையா செஞ்சு குடுத்துட்டே, எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு இருந்துட்டேன்" என்றார். மூன்று நாளும் அதே சோப்பில் குளித்திருக்கிறார்.

அன்றைக்கு அந்தப் பன்னிரண்டு சோப்பையும் எடுத்து ஓரம் கட்டினேன். அத்தை கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து ஒரு நோட்டில் கோடு போட்டேன். தேதி, ஒவ்வொரு எண்ணெயின் எடை, காஸ்டிக், தண்ணீர், சூடு, என்ன வாசனை, யார் வாங்கினார்கள். எண்ணெய் ஒரு கிராம் மாறினாலும் மறுபடி கணக்குப் போட்ட பிறகுதான் வாளியைத் தொடுகிறேன். இப்போது ஆறாவது நோட்டு ஓடுகிறது.

அன்றிலிருந்து சோதனையும் செய்யாமல் விடுவதில்லை. துண்டு போட்டு ஒரு வாரம் ஆன பிறகு, ஈர விரலால் சோப்பைத் தேய்த்து நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். மிச்சக் காரம் இருந்தால் மின்சாரம் தொட்ட மாதிரி சுரீர் என்று இழுக்கும். இல்லாவிட்டால் வெறும் சோப்பு ருசிதான். காரம் எவ்வளவு என்று எண்ணில் காட்டும் பிஹெச் காகிதமும் வைத்திருக்கிறேன். சரியாகச் செய்த சோப்பு 9-இலிருந்து 10 வரை காட்டும். எண்ணெயும் காரமும் சேர்ந்து ஆன சோப்பு எதுவும் தோலின் அளவான 5.5 காட்டாது. அப்படி எழுதி விற்றால் நம்பாதீர்கள், நீங்களும் எழுதாதீர்கள்.

தப்பாகப் போன இன்னொரு விஷயம் மஞ்சள். நம் ஆட்கள் சோப்பு என்றாலே மஞ்சள் போட்டதா என்று கேட்பார்கள். விரலி மஞ்சளை அரைத்து இரண்டு கரண்டி போட்டேன். கலக்கக் கலக்கக் கலவை ரத்தச் சிவப்பாக மாறியது. பயந்துவிட்டேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவக்கும் என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். காரம் என்றால் இங்கேயும் அதேதான். காயக் காய அந்தச் சிவப்பு அடங்கிக் காவி நிறத்துக்கு வரும், வெளிச்சத்தில் வைத்தால் இன்னும் வெளுக்கும். மஞ்சள் சோப்பு பளிச்சென்ற மஞ்சளாகவே இருக்கிறது என்றால் அதில் வேறு சாயம் இருக்க வாய்ப்பு அதிகம்.

பச்சிலைகளும் அப்படித்தான். குப்பைமேனியைப் பறித்துச் சாறு எடுத்து ஊற்றினேன், பச்சைப் பசேல் என்று வந்தது. பத்தே நாளில் காய்ந்த சருகு நிறம். பீட்ரூட்டும் பழுப்பாகத்தான் முடியும். மேலே அலங்காரமாக வைத்த ரோஜா இதழ் பழைய மாலை மாதிரி கறுத்துப் போகும். இப்போது இலையை நிழலில் காயவைத்து, தைலம் காய்ச்சுகிற மாதிரி எண்ணெயில் மெல்லிய சூட்டில் ஊறவைத்து வடிகட்டிச் சேர்க்கிறேன். நிலைக்கும் நிறம் வேண்டும் என்றால் அவுரியிலிருந்து எடுத்த சாயப் பொடி நீலம் தரும், சிரட்டைக் கரி கறுப்பு தரும். சிரட்டைக் கரிக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. ஆனால் மாவு மாதிரி சலித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் கீறும். நலங்கு மாவும் அதே கதைதான், ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு கரண்டிக்கு மேல் போட்டால் உப்புத்தாள் தேய்த்த மாதிரி இருக்கும்.

வாசனையில் கிராம்புத் தைலம் ஊற்றிய அன்று, தோசை மாவு பதத்தில் இருந்தது ஒரு நிமிடத்தில் ராகிக் களியாக இறுகிவிட்டது. மோல்டில் ஊற்ற முடியவில்லை, கரண்டியால் அப்பி வைத்தேன். புது வாசனை எதுவானாலும் 100 கிராம் எண்ணெயில் முதலில் செய்து பாருங்கள். எலுமிச்சம்புல் தைலம் நல்ல பிள்ளை, வாசமும் நிற்கும், விலையும் கட்டுப்படியாகும். சந்தனம் கேட்பவர்களிடம் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அசல் சந்தனத் தைலம் போட்டு நூறு ரூபாய்க்குச் சோப்பு தர யாராலும் முடியாது.

ஆரம்பத்தில் வந்த புகார்களில் முக்கால்வாசி "நுரையே வரலைங்க" என்பதுதான். என் வீட்டில் நன்றாக நுரைக்கும். அப்புறம்தான் புரிந்தது, நான் குளிப்பது குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில், அவர்கள் குளிப்பது போர் தண்ணீரில். எங்கள் பக்கம் போர் தண்ணீர் கடும் உப்பு, துணியே வெளுக்காது. அதில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து திரி திரியாக, பிசுக்காக ஒட்டிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், எண்ணெய் எடையில் ஒன்று முதல் இரண்டு சதம் சேர்த்தால் உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும், பிசுக்கும் குறையும். ஆனால் சிட்ரிக் அமிலமும் காஸ்டிக்கைத் தின்னும், ஒரு கிராமுக்கு 0.62 கிராம். ஒரு கிலோ எண்ணெய்க்கு 10 கிராம் சிட்ரிக் போட்டால் காஸ்டிக்கில் 6 கிராம் கூட்ட வேண்டும். கூட்டாமல் விட்டால் சோப்பு மெத்தென்று எண்ணெய்ப் பசையாக நின்றுவிடும். இதைச் சேர்த்த பிறகு அந்தப் புகார் பாதிக்கு மேல் நின்றது.

இனி அந்த நாள் கணக்கு. சோப்பு இரண்டு நாளில் சோப்பாகிவிடும். ஆனால் உள்ளே தண்ணீர் நிறைய நிற்கும். நான் 1,450 கிராம் கலவை ஊற்றி, 115 கிராம் வீதம் பன்னிரண்டு துண்டு போடுகிறேன், ஓரம் கொஞ்சம் கழியும். ஆறு வாரம் காற்றோட்டமான நிழலில் காய்ந்தால் ஒவ்வொன்றும் 102, 103 கிராமுக்கு வந்து நிற்கும். வெயிலில் காயவைக்கக் கூடாது, கொப்பரை இல்லை இது. தண்ணீர் போகப் போகத்தான் சோப்பு இறுகும், கையில் வழுக்காது, குளியலறையில் கரையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளிசரின் ஈரத்தை இழுத்து முத்து முத்தாக வியர்க்கும். அந்த மாதங்களில் இன்னும் பத்து நாள் சேர்த்துக்கொள்வேன். முதல் வருஷம் அப்படி வியர்த்ததைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தேன். மின்விசிறியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாலே போதும்.

2022 தை மாத முகூர்த்தம் ஒன்று. தாம்பூலப் பையில் போட 40 கிராம் சோப்பு 300 வேண்டும் என்று பெண் வீட்டு அம்மா கேட்டார். கல்யாணத்துக்கு இருந்தது இருபது நாள். அதுவரை எனக்கு வந்த ஆர்டர்களிலேயே அதுதான் பெரிசு. முன்பணத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. சின்னத் துண்டுதானே, சீக்கிரம் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாங்கிவிட்டேன். இரண்டு நாளில் ஊற்றி முடித்து, பதினெட்டு நாள் வரைக்கும் காயவிட்டு, அழகாகத் தெரிய வேண்டும் என்று கண்ணாடித் தாளில் இறுக்கிச் சுற்றி, மஞ்சள் நூல் கட்டிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பையிலிருந்து நாலு சோப்பை எடுத்துத் திண்ணையில் வைத்தார். தாளுக்கு உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தது. ஒன்றைப் பிரித்தேன், விரல் பட்ட இடம் பதிந்தது. "குளிச்சா ரெண்டு நாள்ல கரைஞ்சு போயிருதுங்க. சம்பந்தி வீட்ல கேக்கறாங்க, என்ன பதில் சொல்றதுங்க?" என்றார். எனக்குப் பதில் இல்லை. காயாத சோப்பு என்று தெரிந்தே கொடுத்தது நான். வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். மீதிக்கு, சரியாகக் காய்ந்த சோப்பு 60 பிறகு கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் அடுத்த விசேஷத்துக்கு வேறு இடத்தில் வாங்கினார்கள், அதில் எனக்குக் குறையில்லை.

அதிலிருந்து 42 நாள் என்பது எங்கள் வீட்டில் சட்டம். விசேஷத்துக்குக் கேட்பவர்களிடம் இரண்டு மாதம் முன்னால் சொல்லுங்கள் என்கிறேன். இல்லை என்றால் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். சுற்றுவதற்கு வெண்ணெய்த்தாளும் மெல்லிய அட்டைப் பட்டையும்தான், சோப்பு மூச்சு விட வேண்டும்.

இந்த 42 நாள் பணக் கணக்கிலும் வந்து நிற்கும், இதைத்தான் யாரும் சொல்வதில்லை. இன்று எண்ணெய் வாங்குகிறீர்கள். ஆறு வாரம் கழித்துத்தான் சோப்பு கடைக்குப் போகிறது. கடைக்காரர் பணம் தர இன்னும் முப்பது, நாற்பத்தைந்து நாள். ஆக, போட்ட பணம் கையில் திரும்ப மூன்று மாதம். மாதம் 200 சோப்பு விற்க ஆசைப்பட்டால் 600 சோப்புக்கான முதல் எப்போதும் தட்டிலும் கடையிலுமாக முடங்கியிருக்கும். ஒன்றுக்கு 39 ரூபாய் அடக்கம் என்றால் 23,400 ரூபாய். முதல் மாதத்திலேயே லாபத்தை எடுத்து வீட்டுச் செலவுக்குப் போட்டதால்தான் நான் மூன்றாம் மாதம் எண்ணெய் வாங்கக் கைமாற்று வாங்கினேன்.

அடக்கம் 39 எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் ஒரு கிலோ எண்ணெய்க் கலவைக்குத் தேங்காய் எண்ணெய் 110 ரூபாய், ஆலிவ் 180, விளக்கெண்ணெய் 20, காஸ்டிக் 15, வாசனைத் தைலம் 75, மொத்தம் 400. பன்னிரண்டு சோப்புக்கு வகுத்தால் ஒன்றுக்கு 33. தாளும் பட்டையும் 6. நான் வைத்த விலை 60. பாதிக்குப் பாதி லாபம் மாதிரி தெரிந்தது. கடைக்கு 30 சதம் கழிவு போனால் கைக்கு வருவது 42. மிச்சம் 3 ரூபாய். அதில்தான் என் கூலி, கரண்ட், ஆட்டோ, உடைந்தது, மாதிரிக்குக் கொடுத்தது எல்லாம். எட்டு மாதம் அப்படி ஓடியது. விலையை 110 ஆக்கியபோது பழைய வாடிக்கையாளர்களில் கொஞ்சம் பேர் நின்றுவிட்டார்கள். நின்றவர்களை நினைத்து ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. ஆனால் 60 ரூபாயிலேயே தொடர்ந்திருந்தால் நானே நின்றிருப்பேன். முதல் நாளே கடைக் கழிவையும் உங்கள் கூலியையும் சேர்த்து விலை வையுங்கள். பின்னால் ஏற்றுவது கஷ்டம்.

2025-இல் தேங்காய் எண்ணெய் விலை இரண்டு மடங்காக ஏறியது, எங்கள் ஊரிலேயே. கொப்பரை வியாபாரி மகள் என்பதால் எனக்கு யாரும் குறைத்துத் தரவில்லை. தேங்காய் எண்ணெயைக் குறைத்து விலை குறைந்த எண்ணெயைக் கூட்டலாம் என்று யோசித்தேன், கட்டி குறைந்தது, வேண்டாம் என்று விட்டேன். எண்ணெய் மில் பில்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பி, 20 ரூபாய் ஏற்றுகிறேன் என்று எழுதினேன். இந்தத் தடவை அதிகம் பேர் நிற்கவில்லை.

சட்ட விஷயத்தை ஆரம்பத்தில் நான் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்துக்கு விற்பதற்கு என்ன லைசென்ஸ் என்று இருந்துவிட்டேன். கோவையில் ஒரு இயற்கை அங்காடிக்காரர்தான் "உற்பத்தி லைசென்ஸ் நம்பர் என்னங்க? அது இல்லாம அலமாரியில வைக்க மாட்டேன்" என்றார். அப்போது வருத்தமாக இருந்தது, இப்போது அவருக்கு நன்றி சொல்கிறேன். குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளும் இதற்குப் பொருந்தும். விற்பனைக்குச் செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். அதற்குத் தனி இடம், கழுவக்கூடிய சுவர், வேதியியலோ பார்மசியோ படித்த ஒருவரின் பொறுப்பு எல்லாம் கேட்பார்கள். அவ்வளவு முதல் இல்லாதவர்களுக்குக் கடன் உரிமம் என்று ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே உரிமம் உள்ள ஒரு கூடத்தில், அவர்களுடைய இடத்தையும் கருவியையும் பயன்படுத்தி உங்கள் பெயரில் செய்வது. நான் அப்பாவின் பழைய கொப்பரைக் குடோனில் ஒரு அறையைத் தடுத்து, ஆறடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி, தனியாக விண்ணப்பித்தேன். கைக்கு வரும்வரை கடை விற்பனையை நிறுத்தி வைத்தேன். அந்த மாதங்கள் நெருக்கடியாகத்தான் இருந்தன. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு ஆரம்பித்தால் அந்த நெருக்கடி உங்களுக்கு வராது.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை, அரசு இணையதளத்தில் ஆதாரை வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி, உள் மாநிலத்தில் சரக்கு விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். வெளி மாநிலத்துக்கு அனுப்ப ஆரம்பித்தால் கணக்கு மாறும், ஒரு ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சோப்புக் கட்டிக்கு இருந்த 18 சதம் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதமாகக் குறைந்தது.

உறையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எடை, தயாரித்த மாதம், எம்ஆர்பி, புகார் சொல்ல எண் எல்லாம் இருக்க வேண்டும். எடையில் எச்சரிக்கை வேண்டும். சோப்பு அலமாரியில் இருக்கும்போதும் மெதுவாக இளைக்கும். 103 கிராமுக்கு வந்ததைத்தான் நான் 100 என்று போடுகிறேன். முதல் வருஷம் பச்சையாக எடை போட்டு 115 என்று அச்சடித்த அட்டைப் பட்டை ஆயிரம், இன்னும் பரணில் கிடக்கிறது.

டிஎஃப்எம் என்று கேட்பார்கள், சோப்பில் இருக்கும் மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2888-இன்படி 76 சதத்துக்கு மேல் முதல் தரம், 70-க்கு மேல் இரண்டாம் தரம், 60-க்கு மேல் மூன்றாம் தரம். என் கலவை ஊற்றிய அன்று கணக்குப் போட்டால் சுமார் 65. அதே சோப்பு ஆறு வாரம் காய்ந்து தண்ணீர் போன பிறகு 72, 73. எண்ணெய் ஒரு சொட்டுகூட கூட்டவில்லை, காத்திருந்ததில் ஒரு தரம் ஏறியிருக்கிறது. முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு அந்தப் பெண் வீட்டு அம்மா முகம்தான் ஞாபகம் வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் கடுமையாகவே சொல்வேன். சொரியாசிஸ் போகும், படை போகும், தேமல் மறையும் என்று எழுதி விற்காதீர்கள். அப்படிச் சொன்னால் அது மருந்து, அதற்குச் சட்டம் வேறு. சட்டத்தை விடுங்கள். நம்பி வாங்குகிறவர் டாக்டரிடம் போக வேண்டிய நேரத்தில் நம் சோப்பைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குழந்தைக்குக் கரப்பான் என்று ஒரு தாய் என்னிடம் சோப்பு கேட்டு வந்தார். தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். உறையில் நான் எழுதுவது என்ன எண்ணெய், என்ன இலை, என்ன வாசனை, அவ்வளவுதான்.

இப்போது குடோன் அறையில் சுவரோரம் நாலடுக்கு மரச் சட்டம். ஒவ்வொரு தட்டின் நெற்றியிலும் சாக்பீஸால் ஊற்றிய தேதியும், அதற்குக் கீழே எடுக்கும் தேதியும். ஒவ்வொரு தொகுதியிலும் முதல் சோப்பு அத்தைக்குத்தான். முன்னே மாதிரி மனசுக்குள் வைத்துக்கொள்வதில்லை அவர், நன்றாக இல்லை என்றால் நேராகச் சொல்லிவிடுகிறார். போன வாரம் மழை ஈரத்தில் காய்ந்த தட்டு ஒன்று, தேதிப்படி அன்றோடு 42 நாள் முடிந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அத்தை கையில் வாங்கிக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், மூக்கில் வைத்துப் பார்த்தார். "இன்னும் நாலு நாள் கிடக்கட்டும் அம்மிணி" என்றார். கடைக்காரர் வண்டி வாசலில் நின்றிருந்தது. பழைய தேதியை அழித்துவிட்டுப் புதுத் தேதியை எழுதினேன்.